ரோமில் எத்தனை பேர் இருந்தார்கள்? கணக்கு சறுக்கும் இடங்கள்

கி.மு. 28-இல் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் எடுத்த குடிக்கணக்கில் 40,63,000 பேர். இதை ரோம் நகரத்தின் மக்கள்தொகை என்றே எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது ரோமக் குடியுரிமை பெற்றவர்களின் தொகை. அவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்கு வெளியே, இத்தாலியிலும் மாகாணங்களிலும் வாழ்ந்தவர்கள்.

நகரத்துக்கான சான்று வேறு. கி.மு. 5-இல் நகரத்துப் பொதுமக்கள் 3,20,000 பேருக்குப் பணம் வழங்கியதாக அகஸ்டஸே தன் சாதனைப் பட்டியலில் சொல்லியிருக்கிறார். கி.மு. 2-இல் பணம் பெற்றவர்கள் 2,00,000-க்குச் சற்று மேல். மூன்றே ஆண்டில் லட்சம் பேர் போனது எங்கே? எங்கும் போகவில்லை. இரண்டாவது எண், அரசிடம் தானியம் வாங்கிய பட்டியலில் இருந்தவர்கள் மட்டும். ரேஷன் கார்டு குறைந்தால் ஊர் காலியாகிவிட்டது என்றா சொல்வோம்? இந்தப் பட்டியல்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளையும் உத்தேசமாகச் சேர்த்த பிறகுதான் பலரும் சொல்லும் '10 லட்சம்' வருகிறது.

4-ஆம் நூற்றாண்டுப் பட்டியல் ஒன்று நகரில் 46,000-க்கும் மேற்பட்ட 'இன்சுலா' இருந்ததாகச் சொல்கிறது. ஒவ்வொன்றையும் அடுக்குமாடிக் கட்டடமாக எடுத்து, கட்டடத்துக்கு 40 பேர் என்று பெருக்கினால் 18 லட்சம்! அந்தச் சொல் முழுக் கட்டடத்தைக் குறித்ததா, அதில் ஒரு பகுதியையா என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

கி.பி. 410-இல் ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்துகள் சூறையாடியதோடு ஊர் அழிந்தது என்பதும் அவசர முடிவு. ஊருக்குச் சோறு போட்டது வட ஆப்பிரிக்கத் தானியம். 439-இல் அங்கிருந்த கார்த்தேஜ் நகரம் வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தவர் கைக்குப் போனது பெரிய அடி. 537 முற்றுகையில் இத்தாலியை ஆண்ட கிழக்குக் கோத்துகள் நீர்க்கால்வாய்களை வெட்டினார்கள். 546-இல் அவர்களின் அரசர் தோத்திலா நுழைந்தபோது பொதுமக்களில் 500 பேரே மிஞ்சியிருந்ததாக எழுதினார் அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ். அது முற்றுகையும் பஞ்சமும் ஊரை விரட்டியடித்த நேரத்து நிலை. அந்த நூற்றாண்டின் மக்கள்தொகை அல்ல.

பிறகு பல நூற்றாண்டுகள் ரோம் சிறிய ஊர்தான். பழைய ரோமின் மையச் சதுக்கமான மன்றத்தில் (ஃபோரம்) மாடு மேய்ந்தது. அந்த இடத்துக்கு 'மாட்டுத் திடல்' என்றே பெயர். 1527 சூறையாடலுக்குச் சற்று முன் எண்ணியபோது சுமார் 55,000 பேர். 10 லட்சத்தை மறுபடி எட்ட 1930-கள் ஆயின.

இன்றைய 27 லட்சத்தைப் பழைய 10 லட்சத்தோடு ஒப்பிடுகிறவர்கள் பரப்பையும் பார்க்க வேண்டும். பழைய நகரைச் சூழ்ந்த ஆரேலியன் மதிலுக்குள் 14 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. இன்றைய மாநகராட்சி சுமார் 1,285.