ரா படங்களை எந்த ஃபார்மட்டில் சேமித்து வைப்பது?

அக்கா கல்யாணத்தில் எடுத்த ரா படங்களை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கேமரா ஃபைல்கள்), ஹார்டு டிஸ்கில் இடமில்லை என்று ஜேபெக்காக மாற்றிவிட்டு மூலத்தை அழித்தவன் நான். மண்டப வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்ற அப்பாவின் முகம் ஒரு படத்தில் இருட்டாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட நினைத்து வெளிச்சத்தைக் கூட்டினேன். கன்னமெல்லாம் திட்டுத் திட்டாக நிறம் உடைந்தது.

ஏன் அப்படி? ஜேபெக் 8 பிட். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384 படிகள். இருட்டான பகுதிக்கு ஜேபெக்கில் மிஞ்சுவது சில படிகளே. அவற்றை இழுத்து நீட்டினால் இடைவெளி கண்ணில் படத்தான் செய்யும்.

படி 1: மூலத்தை அப்படியே நகலெடுங்கள். கேனானில் சிஆர்2 அல்லது சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ என்று முடியும் ஃபைல்கள்தான் மூலம். பக்கத்திலேயே அதே பெயரில் எக்ஸ்எம்பி என்று முடியும் ஒரு குட்டி ஃபைல் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். நீங்கள் செய்த எடிட்டிங் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

படி 2: டிஎன்ஜி வேண்டுமா என்று பாருங்கள். அடோபி 2004இல் கொண்டுவந்த பொதுவான ரா வடிவம் இது. அவர்களின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம். பென்டாக்ஸ், லைக்கா கேமராக்கள் பலவற்றில் படமே டிஎன்ஜியாகப் பதிவாகும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை. மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம். டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்களே பிரபலமான கேமராக்களின் ராவைத் திறந்துவிடும். பழைய மென்பொருள் வைத்துக்கொண்டு புதுக் கேமரா வாங்கியவர்களுக்குத்தான் டிஎன்ஜி கைகொடுக்கும். 2018இல் சிஆர்3 வந்தபோது அப்படித்தான் ஆனது.

மாற்றுவதானால், லாஸி கம்ப்ரஷனை (விவரத்தை இழந்து சுருக்குவதை) டிக் செய்யாதீர்கள். மூல ராவை உள்ளேயே பொதிந்து வைக்கும் வசதியும் உண்டு. ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கேமரா கம்பெனியின் சொந்த மென்பொருள் பெரும்பாலும் டிஎன்ஜியைத் திறக்காது, அதனால் மாற்றிய பிறகும் மூலத்தை நான் அழிப்பதில்லை.

படி 3: முடித்த படத்துக்கு மட்டும் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்க உதவும் பட வடிவம்). எல்லாப் படத்தையும் 16 பிட் டிஃப்பாக்கினால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். 24 மெகாபிக்சல் கேமராவில் 2.4 கோடி பிக்சல். ராவில் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றை மட்டும் அளந்த 14 பிட் எண். சுருக்காமல் வைத்தாலே சுமார் 42 எம்பிதான். டிஃப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறமும் வேண்டும், ஆறு பைட். ஆக 144 எம்பி! இத்தனை இடம் பிடித்தும் புதிதாக ஒரு விவரமும் சேராது. இல்லாத நிறங்களை மென்பொருள் ஊகித்து நிரப்பியதுதான் அந்தப் பருமன். ஒயிட் பேலன்ஸும் (வெளிச்சத்துக்கேற்ற நிறச் சரிக்கட்டலும்) அதில் பதிந்துபோயிருக்கும். அதனால் பிரிண்டுக்குப் போகிற, ரீடச் செய்து முடித்த பத்துப் பதினைந்து படங்களுக்கு மட்டும் டிஃப் போதும். டிஃப்பைச் சுருக்கும் முறையாக ஜிப்பைத் தேர்ந்தெடுங்கள். 16 பிட்டில் எல்இசட்டபிள்யூ என்ற இன்னொரு முறை சில நேரம் ஃபைலைப் பெரிதாக்கிவிடும்!

படி 4: சொந்தக்காரர்களுக்கு ஜேபெக். நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான நிற வரம்பு), தரம் 90. அவ்வளவுதான்.

படி 5: திறந்து பாருங்கள். இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல், ஒன்று வேறு வீட்டில். நகலெடுத்ததும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் படங்களை முழு அளவில் திறப்பேன். சிறுபடம் தெரிகிறதே என்று விட்டுவிடக்கூடாது; அது ராவுக்குள் தனியாக இருக்கும் ஜேபெக், பாதி கெட்ட ஃபைலிலும் பளிச்சென்று தெரியும். இதெல்லாம் முடிந்த அப்புறம்தான் கார்டை ஃபார்மட் செய்வேன்.