மிதித்ததும் வண்டி யோசிக்கிறதா? நீங்கள் செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் டர்போ ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணா, மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது" என்றார். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஆக்சிலரேட்டர் மிதிக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை பிளாஸ்டிக் டையால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் அதே மாதிரிப் பெட்டியை நானும் கட்டியிருந்தேன். டர்போவையே மாற்றிய பிறகுதான் அந்தக் கதை முடிந்தது.

ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பிளக் தேய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. சர்வீஸில் அவற்றை யாரும் பார்த்துவிடுவார்கள். நல்ல வண்டி கையில் இருக்கும்போது ஆர்வத்தில் நாம் செய்துவிடுகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கே தாமதம் என்று தெரியாமல் கை வைப்பது

பழைய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும், இன்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் என்ற தட்டுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடும். கால் அழுத்திய அளவுக்கு த்ராட்டில் திறக்கும். 1980களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற உயர்ரக வண்டிகளில் வந்த மின்னணு த்ராட்டில், இன்று ஏறக்குறைய எல்லா கார்களிலும் இருக்கிறது. இதில் காலுக்கும் த்ராட்டிலுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. மிதியில் இருக்கும் இரண்டு சென்சார்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கு மின்னழுத்தத்தை அனுப்புகின்றன. ஓட்டுபவர் எவ்வளவு டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) கேட்கிறார் என்று ஈசியூ அதை வைத்துக் கணக்குப் போடுகிறது. வண்டி குலுங்கக் கூடாது, புகை அளவு மீறக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் த்ராட்டில் மோட்டாருக்கு உத்தரவு போகிறது.

த்ராட்டில் திறந்தால் மட்டும் போதுமா? சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்ட் குழாயைக் காற்று நிரப்ப வேண்டும். எக்ஸாஸ்ட் காற்றால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ வேகம் பிடிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் இறங்க வேண்டும். இன்ஜின் மவுண்ட் ரப்பரும் டிரைவ் ஷாஃப்டில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளும் இறுக வேண்டும். அப்புறம்தான் சக்கரம் தள்ளும்.

காலுக்குத் தெரிவது ஒரே ஒரு தாமதம்தான். ஆனால் அது இவற்றில் எந்த இடத்திலும் ஒளிந்திருக்கலாம். நல்ல நிலையில் இருக்கும் த்ராட்டில் மோட்டார், மூடிய நிலையிலிருந்து முழுவதும் திறக்க ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி போதும். ஒரு நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால், எடுத்த எடுப்பிலேயே த்ராட்டில் பாடியைக் கழற்றுவதில் அர்த்தம் இல்லை.

மிதிக்குப் பெட்டி மாட்டி நோயை மறைப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அந்தப் பெட்டி செய்வது இவ்வளவுதான். மிதியின் பிளக்கைக் கழற்றி நடுவில் அதைச் செருகுகிறோம். நீங்கள் 30 சதவீதம் அழுத்தினால், 60 சதவீதம் அழுத்தியதாக அது ஈசியூவிடம் சொல்லும். முழுவதும் அழுத்தினால் 100 என்று சொல்லும். அதற்கு மேல் சொல்ல எண் இல்லை. ஈசியூவின் கணக்கு மாறுவதில்லை, டர்போ சீக்கிரம் சுழல்வதில்லை, கியர் இறங்க எடுக்கும் நேரமும் குறைவதில்லை. கொஞ்சம் அழுத்தியதற்கே நிறைய வருவதால் வண்டி சுறுசுறுப்பாகிவிட்டது என்று காலும் மனமும் நம்பிவிடுகின்றன. பல வண்டிகளில் ஸ்போர்ட் பட்டனை அழுத்தினாலே இந்த மாற்றம் ஓரளவு கிடைத்துவிடும்.

நான் மாட்டிய முதல் இரண்டு வாரம் வானத்தில் மிதந்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மூன்றாவது வாரம் பழைய தயக்கம் மெல்லத் தலைகாட்டியது. பெட்டியில் ஒரு படி ஏற்றினேன். சரியானது போல இருந்தது. ஒரு மாதம் கழித்து இன்னொரு படி. வண்டியில் ஏதோ மோசமாகிக்கொண்டே வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இருக்க முடியாது. நானோ அதைப் பெட்டியைத் திருகிச் சரிசெய்ய வேண்டிய விஷயமாகவே பார்த்தேன்.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிது மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு மெக்கானிக் கையை உள்ளே விட்டு அடிப்பக்கமாக விரலை ஓட்டினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் கறுப்பாக வந்தது. அந்த இடத்தை அமுக்கிக் காட்டினார். நகத்தின் அகலத்துக்கு ரப்பர் வாய் திறந்தது; கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐடிலில் அழுத்தம் இல்லை, அதனால் கசிவும் இல்லை. பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏறும்போது மட்டும் திறந்து காற்றை விட்டிருக்கிறது.

இதனால் டர்போ ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஈசியூவுக்கு ஒரு பூஸ்ட் இலக்கு உண்டு. காற்று வழியில் கசிந்தால், இலக்கை எட்ட அது, டர்போவைத் தொடாமல் எக்ஸாஸ்ட் காற்றை வெளியே விடும் வேஸ்ட்கேட் வால்வை அதிக நேரம் மூடிவைத்து டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றும். சாதாரணமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடிய பொருள் அது. அதை எல்லையைத் தாண்டி மாதக்கணக்கில் விரட்டினேன். இலக்கை எப்படியோ எட்டிக்கொண்டிருந்ததால் பூஸ்ட் குறைவு என்று சொல்லும் பி0299 பழுதுக் குறியீடும் வரவில்லை, டேஷ்போர்டில் விளக்கும் எரியவில்லை. அதோடு, ஏர் ஃப்ளோ சென்சார் அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விட்டதால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விழுந்தது. சைலன்சர் வாயில் மசி படிந்திருந்தது. அதையும் துணியால் துடைத்துவிட்டுப் போனேன். விளக்கு எரிந்த அன்று டர்போ ஷாஃப்ட் கையால் ஆட்டினாலே ஆடியது. ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை.

பெட்டி எதையும் உடைக்கவில்லை என்பது உண்மை. வண்டி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்கவிடாமல் செய்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. மிதியின் இரண்டு சென்சார்களும் ஒன்றை ஒன்று சரிபார்ப்பதற்காகவே இரண்டாக வைக்கப்பட்டவை. பல வண்டிகளில் ஒன்றின் மின்னழுத்தம் மற்றதில் சரிபாதி இருக்கும். நடுவில் செருகிய பெட்டியின் பிளக் தளர்ந்து இந்தப் பொருத்தம் கெட்டால், ஈசியூ பி2138 போன்ற பழுதுக் குறியீட்டைப் போட்டு சக்தியைக் குறைத்துவிடும். முந்திக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஈரச் சாலையில் வளைவிலிருந்து வெளியேறும்போது மில்லிமீட்டர் கணக்கில் மிதியைக் கொடுக்க வேண்டும். ஸ்போர்ட்டியான வண்டி வாங்குவதே அந்த நுணுக்கத்துக்காகத்தான். பெட்டி முதலில் தின்பதும் அதைத்தான்.

மாட்டியே தீருவேன் என்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். போக்குவரத்து இல்லாத, பாதுகாப்பான இடத்தில், மூன்றாம் கியரில் 60லிருந்து 100 வரை மிதியை முழுவதும் அழுத்தி நேரம் எடுங்கள். பெட்டியோடு நான்கு முறை, இல்லாமல் நான்கு முறை. எனக்கு இரண்டும் ஒரே நேரம்தான் வந்தது. அந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டும்.

டர்போ லேக்கையும் தாழ்ந்த ஆர்பிஎம்மையும் ஒன்றாக நினைப்பது

ஐந்தாம் கியரில் 1,300 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்துவிட்டு, "பிக்கப்பே இல்லை" என்பவர்கள் நிறைய. அங்கே டர்போவைச் சுழற்றப் போதுமான எக்ஸாஸ்ட் காற்றே கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜின் சுற்று ஏறும்வரை பூஸ்ட் வராது. அது பழுது இல்லை, கியர் தேர்வில் வந்த பிழை. போதுமான சுற்று இருக்கும்போது மிதித்து, அப்போதும் பூஸ்ட் வர நேரமானால் அதுதான் லேக். மூன்றாம் கியருக்கு இறக்கி 2,500லிருந்து மிதித்துப் பாருங்கள். தயக்கம் காணாமல் போனால் எந்தப் பொருளும் வாங்க வேண்டாம்.

த்ராட்டில் பாடியை விரலால் தள்ளித் திறந்து துடைப்பது

கார்பன் படிந்த த்ராட்டிலைச் சுத்தம் செய்வது நல்ல வேலைதான். ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் மோட்டாரும் பல வண்டிகளில் பிளாஸ்டிக் பற்சக்கரமும் இருக்கின்றன. வெடுக்கென்று தள்ளினால் பல் உடையும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது விரலை விட்டால், தட்டு தானாகத் திரும்பி விரலை நசுக்கும். சில த்ராட்டில் பாடிகளின் உள்ளே மெல்லிய பூச்சு இருக்கும். கடுமையான கார்புரேட்டர் கிளீனர் அதை அரித்துவிடும். த்ராட்டில் பாடிக்கென்று வரும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், நேராகப் பீய்ச்ச வேண்டாம்.

துடைத்த பிறகு த்ராட்டில் அடாப்டேஷன் (தட்டின் நிலையை ஈசியூவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்ய மறந்துவிடுவார்கள். கார்பன் படிந்த தட்டுக்கு ஏற்ற திறப்பை ஈசியூ மனதில் வைத்திருக்கும். சுத்தமானதும் அந்தக் கணக்கு தவறி, ஐடில் மேலும் கீழும் போகும். "சுத்தம் செய்ததும் மோசமாகிவிட்டது" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் கதை. வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன முறைப்படி அதைச் செய்துவிட்டால் சரியாகிவிடும்.

எண்ணெய் தோய்த்த ஏர் ஃபில்டருக்கு அதிக எண்ணெய்

எண்ணெய் தோய்த்த காட்டன் ஃபில்டரைக் கழுவி, சொட்டச் சொட்ட எண்ணெய் விட்டு மாட்டினால், அது பறந்து போய் ஏர் ஃப்ளோ சென்சாரில் படியும். காற்று குறைவாக அளக்கப்படும், வண்டி தயங்கும். அந்தச் சென்சாரைத் துணியால் தொடவே கூடாது. அதற்கென்று இருக்கும் ஸ்ப்ரேயை அடித்து, முழுவதும் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது

கற்றுக்கொண்டதை ஈசியூ மறக்கும், பழுது அங்கேயே இருக்கும்.

இடது கால் பிரேக்கில்

வீடியோக்களைப் பார்த்துவிட்டு இடது காலால் பிரேக் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக அழுந்தினால், பல புதிய வண்டிகள் பாதுகாப்புக்காக இன்ஜின் சக்தியை வெட்டிவிடும். வளைவு முடிவில் பிரேக்கை அரை நொடி தாமதமாக விட்டீர்கள் என்றால், அந்தத் தயக்கம் நீங்களே உண்டாக்கியது.

குளிர்ந்த இன்ஜினில் சோதிப்பது

வேண்டாம். சூடேறட்டும்.

தரை விரிப்பு

மிதிக்கு அடியில் மடிந்திருந்தால் முழுத் த்ராட்டிலே கிடைக்காது. கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஸ்கேனரில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்ப்பது

வண்டியின் தகவல்களைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று இருந்தாலே தாமதம் எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பதினைந்து அளவுகளைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொன்றும் வரிசையில் நின்று நொடிக்கு ஒரு முறையோ அதற்கும் மெதுவாகவோதான் மாறும். அப்போது திரையில் தெரியும் தாமதம் ஸ்கேனருடையது, வண்டியுடையது இல்லை. நான்கு போதும்: மிதியின் நிலை, த்ராட்டிலின் நிலை, மேனிஃபோல்ட் அழுத்தம், ஆர்பிஎம். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது.

மிதியின் கோடு செங்குத்தாக ஏறி, த்ராட்டில் கோடு சாய்வாகப் பின்தொடர்ந்தால் ஈசியூ மேப் (ஈசியூவில் பதிந்திருக்கும் கணக்கு) அல்லது த்ராட்டில் பாடி. இரண்டும் சேர்ந்தே ஏறி, அழுத்தம் பின்தங்கினால் டர்போ அல்லது கசிவு. அழுத்தமும் உடனே வந்து வண்டி மட்டும் நகரத் தயங்கினால் கியர்பாக்ஸ், கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். அதுவரை ஏறுவதற்கு டர்போவின் தயவு தேவையில்லை.

தம்பியின் வண்டியில் முதலில் பெட்டியைக் கழற்றிவிட்டு, மூன்றாம் கியரில் பதிவு எடுத்தோம். மிதியும் த்ராட்டிலும் ஒட்டிக்கொண்டே ஏறின. அழுத்தம் 100 வரை சட்டென்று போய், அங்கிருந்து 140க்குத் தவழ்ந்து தவழ்ந்து ஏறியது. திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முன் பம்பர் மாற்றியபோது இன்டர்கூலரை இறக்கி ஏற்றினார்கள் அண்ணா" என்றார். வண்டியை ஜாக்கில் ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழ் ஹோஸின் கிளாம்ப் ஒரு பக்கம் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றி, துடைத்து, நேராக வைத்து இறுக்க இருபது நிமிடம் ஆனது. மறுபடியும் பதிவு எடுத்தபோது கோடு 100ஐத் தாண்டியும் நிற்காமல் மேலே போனது.

கிளம்பும்போது பெட்டியை மறுபடி மாட்டட்டுமா என்று அவர் கேட்கவில்லை. டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு போனார்.