சின்ன கேட்டமரானை டிரெய்லரில் கட்டும் முறை

டிரெய்லரில் ஏற்றிய கேட்டமரான், அதாவது இரண்டு ஒல்லியான உடல்கள் கொண்ட பாய்மரப் படகு, பெரும்பாலும் உரசலால்தான் கெடுகிறது. கட்டு கொஞ்சம் தளர்ந்து, படகு ஒரு விரல் அகலம் அசைய இடம் கிடைத்தால் போதும், வழி நெடுக அதே இடத்தில் தேய்ந்து தேய்ந்து ஜெல்கோட் என்ற வழுவழுப்பான மேல்பூச்சு போய் உள்ளே இருக்கும் ஃபைபர் தெரிய ஆரம்பித்துவிடும். ஹோபி 16 மாதிரியான படகு ஏறக்குறைய 145 கிலோதான், ஆனால் அகலம் 2.4 மீட்டர், பாய்மரம் 8 மீட்டர். எடை குறைவு, காற்று பிடிக்கிற பரப்பு அதிகம். அதனால் சும்மா வைத்தாலே நிற்கும் என்று நம்பிக் கிளம்பவே கூடாது.

முதலில் ஹல்கள், அதாவது படகின் அந்த இரண்டு உடல்கள், எங்கே உட்காருகின்றன என்று பாருங்கள். முன்னும் பின்னும் ஹல்களை இணைக்கும் குறுக்குத் தண்டுகளுக்கு நேர் கீழே, அல்லது அதற்கு மிக அருகில், தாங்கிகள் வர வேண்டும். ஹல் பலமாக இருப்பது அங்கேதான். நடுவில் மட்டும் தாங்கினால் முனைகள் துள்ளும். தாங்கி ஹல்லின் வளைவுக்குப் பொருந்தி, அகலமாகத் தாங்குவது நல்லது. அதன் மேல் ஒட்டிய கார்ப்பெட்டில் மணல் இருந்தால் அது உப்புத்தாள்தான், படகை ஏற்றுவதற்கு முன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

அப்புறம் கட்டு. ஸ்ட்ராப்பை (கட்டும் பட்டையை) ஹல்லுக்கு மேலே சுற்றிப் போட்டு இறுக்குவதுதான் நிறைய பேர் செய்கிற தப்பு. குறுக்குத் தண்டுகளின் மேல் போட்டு, நேராகக் கீழே டிரெய்லர் சட்டத்தில் கட்டுங்கள், முன் தண்டுக்கு ஒன்று, பின் தண்டுக்கு ஒன்று. கைப்பிடியைத் தட்டித் தட்டி இறுக்குகிற ராட்செட் வேண்டாம், கையால் இழுத்து இறுக்குகிற கேம் பக்கிள் ஸ்ட்ராப்பே போதும். ராட்செட்டின் கைப்பிடியை இன்னும் ரெண்டு தடவை தட்டலாமே என்று தோன்றும், அந்த ரெண்டு தட்டில், உள்ளே நுரை வைத்துச் செய்த ஹல் தாங்கியின் மேல் அழுந்திக் குழி விழுந்துவிடும். ஸ்ட்ராப்பை ஒரு முறுக்கு முறுக்கிப் போடுங்கள். தட்டையாக இழுத்துக் கட்டினால் காற்றில் படபடவென்று அதிர்ந்து, அந்த அதிர்விலேயே பக்கிள் நழுவும். மிச்சம் தொங்கும் வாலையும் முடிந்துவிடுங்கள்.

மேலிருந்து கீழே அழுத்தும் கட்டு மட்டும் பத்தாது. பிரேக் போட்டால் படகு முன்னால் போகப் பார்க்கும், வண்டியை எடுத்தால் பின்னால் நழுவப் பார்க்கும். முன்பக்கம் இரண்டு ஹல்லிலிருந்தும் டிரெய்லரின் முன் தூணுக்கு ஒரு கயிறு, பின்பக்கத்திலிருந்து பின் சட்டத்துக்கு ஒரு கயிறு. இரண்டும் எதிரெதிராக இழுத்துப் பிடிக்கும்போது படகைக் கையால் ஆட்டிப் பாருங்கள், டிரெய்லரும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி.

பாய்மரத்தை முன் தூணின் தாங்கியிலும், பின்னால் அதற்கென்று உள்ள தாங்கியிலும் மெத்தை வைத்துப் படுக்க வையுங்கள். இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கட்டுங்கள். பக்கக் கம்பிகளையும் கயிறுகளையும் பாய்மரத்தோடு சேர்த்து மீட்டருக்கு ஒரு கட்டு போடுங்கள், தொங்கும் கம்பி ஹல்லில் அடித்துக்கொண்டே வரும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புக் கொடி, இரவில் விளக்கு. சுக்கான்களைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், மாட்டியபடியே விட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளி, பொருத்து ஓட்டைகள் பெரிதாகும். ஹல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளமான டிராம்போலின் மேல் சாமான் எதுவும் வேண்டாம்.

கிளம்பிப் பத்து இருபது நிமிடத்தில் நிறுத்தி எல்லாக் கட்டையும் தொட்டுப் பாருங்கள். புது ஸ்ட்ராப் என்றால் கண்டிப்பாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்படியே சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பேரிங்கே போய்விட்டது என்று அர்த்தம். சூடான பேரிங்கை உடனே தண்ணீரில் இறக்காதீர்கள், சட்டென்று குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால், நல்ல தண்ணீரில் கழுவி, பாயைக் கழற்றி நன்றாகக் காயவைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். ஹல்லின் வடிகால் மூடிகளைக் கழற்றிவிட்டு, துளைகள் பின்பக்கம் என்றால் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும், வெயிலில் சூடாகிற காற்றுக்கும் வெளியேற வழி கிடைக்கும். மறுபடி தண்ணீரில் இறக்கும்போது மூடிகளைப் போட மறக்காதீர்கள். ஸ்ட்ராப் நைலான், பாலியஸ்டர் எதுவாக இருந்தாலும் வெயில் அதைத் தின்றுவிடும். அதனால் பயணத்துக்கான ஸ்ட்ராப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, நிறுத்தி வைத்த படகுக்குப் பழைய கயிறு போட்டுக்கொள்ளுங்கள்.

பலத்த காற்று வீசும் இடம் என்றால் படகை டிரெய்லரோடு கட்டியது போதாது, டிரெய்லரையும் தரையோடு கட்ட வேண்டும். டிராம்போலினுக்கு அடியில் காற்று புகுந்தால் மொத்தமும் புரளும். மண்ணில் திருகி இறக்கும் ஆணிகள் நான்கு, மூலைக்கு ஒன்றாக. பாய்மரத்தை நிமிர்த்தியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.