கிண்ணத்திலேயே இறுகிய பிளாஸ்டர்

ரப்பர் அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை வார்க்கப் பழகினேன். அன்றன்றைக்கு முதல் கலவை பத்து நிமிடம் தாங்கும். அடுத்தது அச்சில் ஊற்றும் முன்பே கட்டியாகிவிடும். மாவு பழசோ என்று புது மூட்டை வாங்கினேன். அப்படியேதான். தண்ணீரைக் கூட்டினேன், பொம்மை சுண்ணாம்புக்கட்டி போல உதிர்ந்தது. நான்கு நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: கரண்டி கழுவிய குவளைத் தண்ணீரையே அடுத்த கலவைக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன். கிண்ண ஓரத்திலும் வெள்ளைப் பொருக்கு. இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம் என்ற கனிமத்தின் படிகம்தான். அதன் துகள் கொஞ்சம் கலந்தாலும் புதுக் கலவை அதைப் பற்றிக்கொண்டு சட்டென்று படிகமாகிவிடும், பாலில் உறை விட்ட மாதிரி.

இப்போது பாதியாக வெட்டிய ரப்பர் பந்துதான் கிண்ணம். பிதுக்கினால் பொருக்கு உதிர்ந்துவிடும். தண்ணீர் ஒவ்வொரு முறையும் புதுசு. அந்தப் பத்து நிமிடம் திரும்பக் கிடைத்துவிட்டது.