கேஸ் தட்டுப்பாடு என்று பேச்சு வந்தால் சிலிண்டரை நிறுத்துப் பாருங்கள்

கேஸ் தட்டுப்பாடு வரப்போகுது என்று ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பேச்சு கிளம்பினால், வரிசைக்கு ஓடுமுன் வீட்டுச் சிலிண்டரை நிறுத்துப் பாருங்கள். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, தராசில் நிமிர்த்தி வையுங்கள். வரும் எடையிலிருந்து சிலிண்டரில் குறித்திருக்கும் வெற்று எடையைக் கழியுங்கள். 18.2 கிலோ காட்டி, வெற்று எடை 13.2 என்றால் மிச்சம் 5 கிலோ. 12.5 கிலோ முழுச் சிலிண்டரை 50 நாள் எரிக்கும் வீட்டுக்கு அது 20 நாள் வரும்.

எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததுதான் பயத்துக்குத் தீனி. பாதி சிலிண்டரோடு எல்லோரும் ஒரே நாளில் போய் நின்றால் ஒரு வாரச் சரக்கு மத்தியானத்துக்குள் தீரும், வதந்தி நிஜமாகிவிடும். (நுவரெலியாக் குளிரில் தீ சிறுத்தால் முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். குளிரில் கேஸ் ஆவியாவது குறையும், அவ்வளவுதான்.)

2022இல் போல டொலர் இல்லாமல் இறக்குமதியே தடைப்பட்டால் இந்தக் கணக்கு உதவாது. மண்சரிவு எச்சரிக்கை வந்து பாதை அடைபடும் நிலையிலும் காத்திருக்க வேண்டாம்: 10 நாளுக்குக் குறைவாக இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். கைக்குழந்தையின் பால்மா, இன்சுலின் போன்றவற்றுக்கு இப்படிக் கணக்குப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.