கடல் கடந்து ஓட்டிப்போகப் பெரிய பைக்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் சென்னை வரை 150 கி.மீ. எந்த வண்டியும் வெண்ணெய் மாதிரி ஓடும். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வென்ச்சர் பைக்கை (கரடுமுரடான ரோட்டிலும் நெடுந்தூரம் போகிற பெரிய வண்டியை) முடிவு செய்யாதீர்கள். சிசி, ஹார்ஸ்பவர் எல்லாம் கடைசியில் பார்க்க வேண்டியவை. ஷோரூமில் நம் ஆட்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

படி 1: பாதையை முடிவு செய்யுங்கள்

நேபாளம், பூடான் மட்டும்தான் என்றால் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 தாராளம். பெரிய வண்டிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மியான்மர் வழியாகத் தாய்லாந்துக்கு ஓட்டிப்போவது 2021-க்கு அப்புறம் நடக்கிற காரியமாக இல்லை. அதனால் பலரும் வண்டியைக் கப்பலில் அனுப்புகிறார்கள்.

மத்திய ஆசியா ஆசை இருந்தால் கணக்கே வேறு. தஜிகிஸ்தானில் பாமிர் சாலையில் கோரோக்கிலிருந்து முர்காப் வரை சுமார் 300 கி.மீ.; நடுவில் பங்க்கை நம்பிப் போக முடியாது. அதைத் தாண்டி வரும் அக்-பைதல் கணவாய் 4,655 மீட்டர் உயரம். பக்கத்து உஸ்பெகிஸ்தானில் சில இடங்களில் 80 ஆக்டேன் பெட்ரோல்தான் கிடைக்கலாம் (ஆக்டேன் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்காமல் தாங்கும் அளவு). 95 ஆக்டேன் கேட்கும் இன்ஜின் அங்கே தட்ட ஆரம்பிக்கும். எந்த பைக்காக இருந்தாலும் குறைந்தபட்சம் எந்த ஆக்டேன் வேண்டும் என்று மேனுவலில் பாருங்கள்.

படி 2: கீழே சாய்த்துத் தூக்கிப் பாருங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பரீட்சை. பெட்ரோலோடு சேர்த்து ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ, சுசுகி வி-ஸ்ட்ராம் 800டிஇ 230, பி.எம்.டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் அட்வென்ச்சர் 269. பெட்டி, டென்ட், டூல்ஸ் என்று இன்னொரு 40 கிலோ ஏறும். மண் ரோட்டில் வண்டி விழத்தான் செய்யும், அப்போது பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

ஷோரூமில் இதற்கு விட மாட்டார்கள். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரைப் பிடித்து, தரையில் பழைய மெத்தை போட்டுச் செய்யுங்கள். முதலில் இன்ஜினை அணைத்துவிடுங்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கி, கியரில் போட்டுவிடுங்கள். ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுசாக மடக்குங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையில் கிரிப், மறு கையில் பின்கம்பி. முதுகை நேராக வைத்துக் காலால் தள்ளிப் பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வையுங்கள். வண்டி நிமிர்ந்துவிடும். அடுத்தடுத்து மூன்று தரம் தூக்க முடியவில்லையா? அந்த பைக் உங்களுக்கு இல்லை, அது எவ்வளவு நல்ல பைக்காக இருந்தாலும் சரி.

படி 3: சக்கரமும் செயினும்

ஷாஃப்ட் வண்டியில் (செயினுக்குப் பதில் சுழலும் இரும்புத் தண்டு பின்சக்கரத்தை ஓட்டும் வண்டியில்) செயின் வேலை கிடையாது. ஆனால் கெட்டால் ரோட்டோர மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் போடும் பொறுமை வேண்டும். மாற்றுச் செயினைப் பையில் எடுத்துக்கொண்டும் போகலாம். நான் செயின் கட்சி. டியூப்லெஸ் என்றால் பஞ்சரைச் சக்கரம் கழற்றாமலே அடைக்கலாம். ஸ்போக் வீல் எல்லாமே டியூப் என்று நினைக்காதீர்கள், டியூப்லெஸ் ஸ்போக்கும் வருகிறது; கேட்டு வாங்குங்கள்.

புதிதாக அறிமுகமான மாடலை முதல் வருஷமே வாங்காதீர்கள். இரண்டு வருஷம் மற்றவர்கள் ஓட்டி, குறைகள் வெளிவரட்டும். நீங்கள் போகிற நாடுகளில் அதே இன்ஜின் விற்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ஓடாத வண்டிக்கு ஒரு பிரேக் பேடுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

படி 4: காகிதச் செலவு

ஈரான் மாதிரி நாடுகளுக்குள் வண்டி நுழையக் கார்னெட் வேண்டும் (வண்டியைத் திரும்பக் கொண்டுபோய்விடுவோம் என்பதற்கான சுங்க உத்தரவாதப் பத்திரம்). மும்பையில் உள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் தருகிறது. ஒரு வருஷம் செல்லும். இதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும், அது வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. ஆக, விலை கூடிய பைக்குக்கு இன்னொரு பெருந்தொகையும் முடங்கும். லோனில் எடுத்த வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றிதழும் கேட்பார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்டிஓவிலேயே வாங்கலாம். அதுவும் ஒரு வருஷம்தான்.

படி 5: முழுச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள்

பயணத்துக்கு எடுத்துப்போகும் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாக ஜவ்வாது மலை ஏறுங்கள். டேங்கை நிரப்பிக் கிளம்பி, சுமையோடு லிட்டருக்கு எத்தனை கி.மீ. தருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜை நம்ப வேண்டாம். திரும்பி வந்ததும் கழுவுங்கள், கடல் காற்றில் போல்ட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். பிறகு வாசலிலேயே, பையில் இருக்கும் டூல்ஸை மட்டும் வைத்துப் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். எந்த ஸ்பானர் இல்லையோ, அதை இங்கேயே வாங்கிப் பையில் போட்டுவிடலாம்.