உடலுறுதிச் சோதனையை மாணவர்களே வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் தேசிய உடலுறுதிச் சோதனையான நாஃபாவின் ஆறு அங்கங்களும் நம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு அத்துபடி. அதனால் "நீங்களே ஒரு சோதனை வடிவமையுங்கள்" என்றால், பயிற்சியைத்தான் முதலில் தேடுவார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. மூன்று நிமிடத்தில் எத்தனை பர்பி (குந்தி, கைகளை ஊன்றிக் காலைப் பின்னால் நீட்டி, எழுந்து குதிப்பது) என்று எண்ணினால் கிடைப்பது இதய நுரையீரல் திறனா, தசைத் தாங்குதிறனா? கை முதலில் சோர்ந்துவிட்டால் இதயத்தைப் பற்றி எதுவும் தெரியாது. எதை அளக்கிறோம், எந்த அலகில் என்பதை ஒரே வரியில் எழுதித் தந்த பிறகே பயிற்சியைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

படி ஏறி இறங்கும் சோதனையில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவிதான் பலரைக் கவிழ்க்கிறது. நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்க வேண்டுமென்றால் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 96 தட்டில் வைக்க வேண்டும். ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு என ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. 24-இல் வைத்தால் இதயத்துக்கு வேலையே இராது. உயரத்தையும் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குயின்ஸ் காலேஜ் சோதனை என்ற பெயர்பெற்ற படிச் சோதனையில் படியின் உயரம் 41.3 சென்டிமீட்டர். புளோக் மாடிப்படி அதில் பாதிகூட இராது. அதில் ஏறிவிட்டு குயின்ஸ் காலேஜ் சோதனையின் தர அட்டவணையைப் பார்ப்பதில் பொருளில்லை.

நாடித்துடிப்பு எண்ணுவதற்குத் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கலாம், அவ்வளவு பிழை நேரும் இடம். கட்டைவிரலால் தொட்டால் தன் நாடியையே எண்ணிவிடுவார்கள். துடிப்போடு கடிகாரத்தைத் தொடங்கினால் முதல் துடிப்பு பூஜ்யம், ஒன்று அல்ல. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும்போது ஒரு துடிப்புப் பிழை நான்காகிவிடும். நின்றதும் துடிப்பு வேகமாகக் குறைவதால், ஒருவர் 5 விநாடியிலும் இன்னொருவர் 20 விநாடியிலும் தொடங்கினால் இரண்டையும் ஒப்பிட முடியாது. தொடங்கும் விநாடியை விதியிலேயே எழுத வேண்டும்.

எது கணக்கில் சேரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சிட்-அப்பில் முழங்கை எங்கே தொட வேண்டும்? சோதனை விதிகளை எழுதிய குறிப்பை இன்னொரு குழுவிடம் கொடுத்து, வாய்மொழி விளக்கம் எதுவுமில்லாமல் நடத்தச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

நம் வெயிலை மறக்கவே கூடாது. காலையில் உள்ளரங்கில் ஒரு முறை, பிற்பகல் இரண்டு மணிக்குத் திடலில் மறுமுறை என்று நடத்தினால், சூட்டினாலேயே துடிப்பு ஏறும். அதே நேரம், அதே இடம், அதே காலணி; ஓரிரு நாள் இடைவெளி. எட்டுப் பத்துப் பேரை இருமுறை சோதியுங்கள். ஒருவரின் இரண்டு முடிவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டளவுக்கு இருந்தால் அந்தச் சோதனையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆஸ்துமா, மயக்கம், நெஞ்சுவலி பற்றிய கேள்விகளும் எப்போது நிறுத்துவது என்பதும் குறிப்பின் முதல் பக்கத்தில் வரட்டும்.

கடைசியாக, பெரியவர்களுக்கான தர அட்டவணையை 14 வயதுப் பிள்ளைக்குப் பொருத்தாதீர்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற அட்டவணை இல்லையென்றால், அவரவர் முந்தைய முடிவோடு ஒப்பிட்டால் போதும்; வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டாம்.